இரண்டு நாள் நிறுத்தி வைத்த மடல்

நான் பொறுப்பிலிருந்து விலகுவதால், நம் இணைய மடல் குழுவின் கடவுச்சொல்லை உங்கள் மூவருக்கும் நேற்றே அனுப்பிவிட்டேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் மடல் எல்லோருக்கும் போகும், எதை அழுத்தினால் குப்பைக்குப் போகும் என்பதைச் சேகர் சொல்லிக்கொடுப்பார். அரை மணி நேரத்தில் பழகிவிடும். எந்த மடலுக்கு எப்போது அழுத்துவது என்பதுதான் கடினம். அதில் நான் செய்த ஒரு தவறை உங்களிடம் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

நீங்கள் குழுவில் சேர்ந்தபோது வீட்டில் கணினி வந்துவிட்டது. நாங்கள் தொடங்கியபோது அப்படி இல்லை. ஓசூர்த் தொழிற்பேட்டையில் கணினிப் பிரிவில் இருந்தவர்கள், தினமும் எல்லை தாண்டிப் பெங்களூருக்குப் பேருந்தில் போனவர்கள், கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் படித்தவர்கள் என்று சில நூறு பேர். புதிதாக என்ன மொழி வந்திருக்கிறது, எந்தக் கம்பெனி திறக்கிறது, எங்கே ஆள் எடுக்கிறார்கள், ஒரு புரோகிராம் ஏன் ஓடமாட்டேன் என்கிறது, எல்லாம் குழுவில் வரும். வருகிற மடல் முதலில் மட்டுறுத்துநரின் வரிசையில் வந்து நிற்கும். நானோ சேகரோ படித்துப் பார்த்துக் குழுவுக்குள் விட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். நான் அப்போது இயந்திரத் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் இருந்தேன். சேகர் மதுரைப் பக்கத்துக்காரர், பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலை.

உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மடலைத் திறக்க வழி கிடையாது. தொழிற்சாலைகளில் இணையத்தைப் பூட்டி வைத்திருப்பார்கள். அதனால் பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த பிரவுசிங் சென்டர்காரர் அன்றன்றைய மடல்களைப் பிரிண்ட் எடுத்து, வாசலில் ஒரு அட்டைப் பலகையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடி படிப்பார்கள். நான் ஒரு நாள் தாமதித்தால் அவர் போன் செய்துவிடுவார்.

"ஏமி மேடம், இன்னிக்கு ஒண்ணும் இல்லையா? ஜனம் வந்து வெறும் பலகையப் பாத்துட்டுப் போகுது. நான் என்ன, என் மூஞ்சியவா மாட்டி வைக்கறது?"

அந்தப் பலகையால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. பம்பு செய்யும் கம்பெனி ஒன்று மூடப்போகிறது என்று ஒருவர் எழுதினார். யோசிக்காமல் அதைக் குழுவுக்குள் விட்டேன். அங்கே வேலை பார்த்த ஒருவருக்குத் தர்மபுரியில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் மாமா பலகையில் படித்துவிட்டு நேராக ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். விசாரித்தால், கம்பெனி சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இடம் மாறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையே மாமாவைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் புதுக் கட்டடத்தைக் காட்டிய பிறகுதான் கல்யாணம் நடந்தது.

அதன் பிறகு நானும் சேகரும் ஒரு விதி வைத்தோம். ஒரு கம்பெனியைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால், உள்ளே இருப்பவர்கள் இரண்டு பேர் உறுதி சொல்லும்வரை மடல் வரிசையிலேயே நிற்க வேண்டும். நல்ல விதிதான். நல்ல செய்திக்கும் அப்படி இரண்டு பேரைக் கேட்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

இனி ரோஜாக் கம்பெனி விஷயம். ஓசூரைச் சுற்றிப் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைய பூ விலையை விவசாயிகளின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் கம்பெனி ஒன்றை வெங்கடேஷ் என்ற இளைஞனும் அவன் நண்பனும் தொடங்கினார்கள். ஜூஜுவாடியில் டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே லாரி பிரேக் போட்டால் மேலே மேஜை அதிரும். ஆனால் அவர்களிடம் ஒரு தெளிவு இருந்தது. வெங்கடேஷின் குடும்பமே ரோஜா போடும் குடும்பம். பெங்களூரில் ஒருவர் முதலீடு செய்திருக்கிறார், புரோகிராம் எழுத ஆறு பேர் வேண்டும் என்று அவன் குழுவில் எழுதியபோது, பத்தே நிமிடத்தில் விட்டேன். நம் ஊரிலேயே இப்படி ஒன்று வருகிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் மகன் பிரதீப் அப்போது பொறியியல் முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருந்தான். அமெரிக்காவில் வங்கிகள் விழுந்து, பெங்களூர்க் கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்த நேரம். காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும்போது அவன் மட்டும் குளிக்காமல் நாளிதழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே நான் சீக்கிரம் கிளம்பத் தொடங்கியிருந்தேன். ரோஜாக் கம்பெனியில் அவன் தேர்வானான். திங்கட்கிழமை சேர வேண்டும். சென்னைக் கம்பெனி ஒன்றும் அழைத்திருந்தது, ஊரிலேயே இருக்கலாம் என்று அதற்கு அவன் பதில் எழுதாமல் வைத்திருந்தான்.

மஞ்சுளாவும் தேர்வானாள். சாமல்பட்டிப் பெண். அப்பா அங்கே பிறர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர், பிறகு கிரானைட் பட்டறைக்குப் போனார். அவர்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் இவள்தான். ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் இரண்டு வருடமாக ட்ரெய்னி. விடுதியில் தங்கியிருந்தாள். பலகையைத் தவறாமல் படிக்கிறவர்களில் ஒருத்தி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டியூஷன் சென்டர் ஒன்றின் மாடி அறையில் குழுவினர் கூடுவோம். அந்த மாதக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். எங்க கம்பெனியில பர்மனென்ட் லிஸ்ட் வரப்போவுது. எம்பேரு இருக்குதுன்னு சொல்றாங்க. இங்க ரோஜாக் கம்பெனியிலயும் எடுத்துட்டாங்க. என்னா பண்றதுன்னே தெரியல."

"உனக்கு எதுல இஷ்டம்?"

"ரெண்டு வருசமா ஸ்டாக் ரிப்போர்ட்டுதான் எடுக்கறேன் மேடம். புரோகிராமே எழுதறது இல்ல. படிச்சதெல்லாம் மறந்துடும் போல இருக்குது. ஆனா பர்மனென்ட்டுன்னா எங்கப்பாவுக்கு உசுரு."

நான் சொன்ன பதிலை உங்களுக்கு அப்படியே தருகிறேன். "என் பையனையே அங்கதான் அனுப்பறேன். அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

பக்கத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சேகர் சிரித்தார். "மேடமே பையன அனுப்புறாங்கன்னா அம்புட்டுத்தான். தரம் பாத்து கியூசி ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. கிளம்பு தாயி."

மஞ்சுளாவும் சிரித்துக்கொண்டே போனாள்.

சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய புதன்கிழமை, காலை ஆறரை மணிக்கு வரிசையைத் திறந்தேன். பெயரில்லாத முகவரியிலிருந்து ஒரு மடல். ஆங்கில எழுத்தில் தமிழ், ஐந்து வரி. எழுதியவர் ரோஜாக் கம்பெனிக்குள் இருப்பவர் என்பது படித்ததும் தெரிந்தது. முதலீடு செய்தவர் விலகிவிட்டார், இன்னும் ஒரு மாதம் ஓடினால் அதிகம், சேரக் கடிதம் வாங்கியிருப்பவர்கள் இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். அவ்வளவுதான்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். பிரதீப் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். வேலை கிடைத்ததிலிருந்து வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தான்.

"டேய், திங்கக்கிழமை அங்க போகாத."

"ஏம்மா?"

"முதல் போட்டவர் கைய விரிச்சிட்டாராம். மடல் வந்திருக்கு."

"யாரும்மா எழுதினது? கன்பார்ம் ஆயிடுச்சா?"

"கன்பார்ம் ஆனப்புறம் தெரிஞ்சுகிட்டு என்ன பண்ணப்போற? அந்தச் சென்னைக் கம்பெனிக்கு இன்னும் மாட்டேன்னு எழுதலல்ல?"

"இன்னைக்குள்ள பதில் கேட்டிருக்காங்க."

"வர்றேன்னு எழுது. இப்பவே எழுது. அப்புறம் தோசை சுடலாம்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினான். நான் பக்கத்தில் நின்று, அவன் அனுப்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூச்சு வந்ததும் மட்டுறுத்துநர் ஆனேன். விதிப்படி விசாரிக்க வேண்டும். வெங்கடேஷுக்குப் போன் செய்தேன். அவன் எதையும் மறைக்கவில்லை.

"மேடம், வேற ஒருத்தர்கிட்ட பேசிட்டிருக்கோம். ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும். இப்ப பலகையில வந்துச்சுன்னா அவரும் ஓடிருவாரு. எங்க கதை முடிஞ்சிடும் மேடம். ரெண்டு நாள் மட்டும் குடுங்க."

இருபத்தாறு வயது அவனுக்கு. அவன் அப்பாவின் குடிலில்தான் முதல் சோதனையே நடந்தது. என்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பேருந்தில் போய்க்கொண்டிருந்த சேகரைக் கூப்பிட்டேன். அத்திப்பள்ளி நெரிசலில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு பேர் சொல்லணும்னு நாமதானே வச்சோம் மேடம்? ஒருத்தன் பேரில்லாம எழுதியிருக்கான். ஓனரும் மூடுறோம்னு சொல்லல, வேற ஆளப் பாக்குறோம்னுதான சொல்றான். பொறுப்போம். அந்தக் கல்யாண மாப்பிள்ளை கதை மறந்துபோச்சா?"

அவரிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. பிரதீப் சென்னைக்கு எழுதிவிட்டான் என்பதை.

அந்த இளைஞனுக்கு இரண்டு நாள் கொடுத்தேன். விதிக்கு இரண்டு நாள் கொடுத்தேன். என் மகன் விஷயத்தில் இரண்டு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. மடல் உண்மை என்று நான் நம்பினேன் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

மஞ்சுளாவை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பொய். வியாழக்கிழமை காலை, தொழிற்சாலைக்கு ஸ்கூட்டரில் போகும்போது நினைவு வந்தது. அவள் விடுதியின் எண் என் டைரியில் இருந்தது. ஒருத்தியிடம் சொன்னால் மற்ற நான்கு பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று நினைத்தேன். வரிசையில் இருப்பதை வெளியே சொல்லக்கூடாது என்று நினைத்தேன். சனிக்கிழமைதான் ராஜினாமா கொடுப்பாள், அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்றும் கணக்குப் போட்டேன். மூன்றும் நல்ல காரணங்கள். மூன்றில் ஒன்றுகூடப் புதன்கிழமை சமையலறையில் எனக்கு நினைவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வெங்கடேஷே கூப்பிட்டான். "போட்டுடுங்க மேடம். அவரும் முடியாதுன்னுட்டாரு. புதுசா வர்றவங்க வர வேணாம்." உடனே விட்டேன். ஆறு மணிக்குப் பலகையில் ஏறியது.

மஞ்சுளா வியாழக்கிழமை மதியமே கடிதம் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை பலகையில் படித்துவிட்டு, சனிக்கிழமை காலை பர்சனல் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றிருக்கிறாள். அவள் பெயரை எடுத்துவிட்டு அடுத்த ஆள் பெயரைச் சேர்த்து லிஸ்ட் கையெழுத்தாகிவிட்டது என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவசரமாகக் கூடினோம். இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பிரவுசிங் சென்டர்காரரும் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். மஞ்சுளா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கையில் பலகையிலிருந்து கழற்றிய அந்தத் தாள். எழுந்து நின்றாள்.

"மேடம், இந்த மடல்ல மேல புதன்கிழமைன்னு தேதி போட்டிருக்குது. எங்களுக்கு வெள்ளிக்கிழமதான் வந்துச்சி. உங்களுக்கு எப்ப வந்துச்சி?"

மட்டுறுத்துநர் எப்போது விட்டாலும், எழுதியவர் அனுப்பிய நேரம்தான் மடலின் தலையில் இருக்கும். இத்தனை வருடம் யாரும் அதைக் கவனித்துக் கேட்டதில்லை.

"புதன்கிழமை காலையில வந்துச்சும்மா. ரெண்டு பேர் உறுதி சொல்லணும்னு விதி இருக்கு. அதுக்காகத்தான் நிறுத்தி வச்சேன்."

சேகர் எனக்காகப் பேசினார். கல்யாணம் நிற்கப் பார்த்த கதையைச் சொன்னார். தவறாகப் போட்டிருந்தால் அந்தக் கம்பெனி நம்மால் மூடியிருக்கும் என்றார். பலர் தலையாட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர், "மேடம் பண்ணது கரெக்ட்டுதான். அவங்கவங்க அவசரப்பட்டா மேடம் என்ன செய்வாங்க?" என்றார்.

மஞ்சுளா அவர் பக்கம் திரும்பவில்லை. "சரிங்க மேடம். விதின்னா எல்லாருக்கும் விதிதான்," என்றாள். உட்காரப் போனவள் நின்றாள். "உங்க பையனும் இப்ப வேலையில்லாம நிக்கிறாருங்களா?"

குத்திக் காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. குரலில் அது இல்லை. தன்னைப் போல இன்னொருவரும் மாட்டிக்கொண்டிருக்கிறாரா என்றுதான் கேட்டாள். இல்லைம்மா, வேற இடம் கிடைச்சுது என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்திருக்கும். கூட்டம் முடிந்திருக்கும். அந்தப் பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

"இல்ல," என்றேன். "புதன்கிழமை காலையில மடலப் பாத்ததும் அவன்கிட்ட சொல்லிட்டேன். அப்பவே சென்னைக்கு எழுதிட்டான்."

சேகர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பிரவுசிங் சென்டர்காரர் தெலுங்கில் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். யாராவது திட்டினால் தேவலை என்று இருந்தது.

மஞ்சுளா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு பேசினாள்.

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா அவரும் எங்கிட்டதான் மொதல்ல சொல்லியிருப்பாரு மேடம். அதுல தப்பு இல்லீங்க. ஆனா எங்கப்பாவுக்கு எதுவும் மொதல்ல தெரிய வராது."

தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் பின்னால் ஓடிப்போய் ஏதோ சொல்ல நினைத்தேன். ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை.

அடுத்த நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவள் தொழிற்சாலைக்குப் போனேன். பர்சனல் மேனேஜர் மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்தார். "மேடம், இப்ப உள்ள போயிருக்கறவன் உத்தனப்பள்ளிப் பையன். அவன் மூணு வருசமா காத்துக்கிட்டிருந்தவன். அவன எந்த மூஞ்சிய வச்சிகினு வெளிய போன்னு சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. எனக்குத் தெரிந்த ஐந்தாறு இடங்களில் மஞ்சுளாவுக்காகக் கேட்டேன். அந்த வருடம் எங்கும் கதவு திறக்கவில்லை. அவள் ஊருக்குப் போய்விட்டாள். ஊத்தங்கரையில் ஒரு தனியார் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுப்பதாகப் பிறகு சேகர் சொன்னார். பர்மனென்ட் இல்லை. கூட்டம் நடந்த வாரத்திலேயே அவள் குழுவிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டாள். யார் விலகினாலும் மட்டுறுத்துநருக்குத் தானாக ஒரு வரி வரும். அந்த வரியில் காரணம் எழுத இடம் இருக்கிறது. அவள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அதன் பிறகு விதியை மாற்றினோம். இப்போது நீங்கள் பார்ப்பது அதைத்தான். கெட்ட செய்தி வந்தால், விவரத்தை நிறுத்தி வைத்தாலும், "இந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு செய்தி வந்திருக்கிறது, இன்னும் உறுதியாகவில்லை, முடிவெடுப்பவர்கள் பொறுத்திருங்கள்" என்ற ஒரு வரி அதே மணி நேரத்தில் போய்விட வேண்டும். கல்யாணங்கள் கொஞ்சம் தள்ளிப்போகலாம், பரவாயில்லை. ஆள் எடுக்கிறோம் என்று ஒரு புதுக் கம்பெனி எழுதினாலும் இரண்டு பேரைக் கேட்ட பிறகே விடுங்கள். தன் வீட்டு ஆள் சம்பந்தப்பட்ட மடல் என்றால் மட்டுறுத்துநர் அதைத் தொடக்கூடாது, அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சேகர்தான் எழுதினார். எழுதிவிட்டு, "கோவிச்சுக்கிறாதீங்க மேடம்," என்றார். கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

விதியை மாற்றிய பிறகும் நான் ஏன் விலகுகிறேன் என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள். வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன், நேரம் நிறைய இருக்கிறது, இன்னும் கொஞ்ச காலம் பார்க்கலாமே என்றீர்கள். பிரதீப்பின் சென்னைக் கம்பெனியிலும் இப்போது ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று பேச்சு. அவனுக்கு இந்த ஆவணியில்தான் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். தினமும் காலையில் வரிசையைத் திறக்கும்போது என் கண் முதலில் அந்தக் கம்பெனிப் பெயரைத்தான் தேடுகிறது. போன செவ்வாய்க்கிழமை அதே எழுத்தில் தொடங்கும் வேறொரு கம்பெனியைப் பற்றி ஒரு மடல் வந்திருந்தது. முழுப் பெயரையும் நான் படித்து முடிக்கும்போது என் கையில் போன் இருந்தது, அவன் எண்ணையும் அழுத்தியிருந்தேன். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியபோதுதான் வைத்தேன்.

விதியை நான் தெரிந்துதான் வைத்திருக்கிறேன். மஞ்சுளா நின்ற இடம், அவள் தாளை மடித்த விதம், எல்லாம் நினைவிருக்கிறது. இருந்தும் அடுத்த முறையும் நான் முதலில் அவனிடம்தான் சொல்வேன். அது எனக்குத் தெரிந்துவிட்ட பிறகு கடவுச்சொல்லை வைத்திருப்பது சரியில்லை.

உங்கள் மூவருக்கும் இன்னும் குழந்தைகள் இல்லை. உங்களுக்கும் ஒருவர் வருவார். பிள்ளையோ, தம்பியோ, தங்கையோ, யாருக்காக அடுப்பை அணைக்கச் சொல்வீர்களோ அந்த ஒருவர். அப்படிப்பட்டவர் வேலை தேடிக்கொண்டிருக்கும் மாதங்களில், காலையில் மடல்களைத் திறப்பதற்கு முன்பே மற்ற இருவரில் ஒருவரைக் கூப்பிட்டு, இன்றைக்கு நீ பார் என்று சொல்லிவிடுங்கள். படித்த பிறகு சொல்ல முடியாது.